நாய்க்கு என்னவென்றே தெரியவில்லையா? அறிகுறியைப் பிடித்துக்கொண்டு தேடும் வழி

நாய் சாப்பிடவில்லை, படுத்தே கிடக்கிறது. கிளினிக்கில் ஊசி போட்டு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு நாள் நன்றாக இருந்தது, மூன்றாம் நாள் மறுபடியும் அதே கதை. கோலாலம்பூரில் நாய் வளர்க்கும் நம் வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "என்ன நோயென்றே தெரியலை" என்பார்கள். பல சமயம் நோய் மறைந்துகொண்டிருப்பதில்லை. வீட்டில் பார்த்தது டாக்டரிடம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். நாயைக் கொண்டுபோனவர் தம்பி, நாயோடு நாள் முழுக்க இருந்தவர் அம்மா. "எப்போதிலிருந்து வாந்தி?" என்று டாக்டர் கேட்டால் தம்பிக்குத் தெரியாது. அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். எதைப் பார்க்க வேண்டும், எதைக் குறித்துவைக்க வேண்டும், டாக்டரிடம் எந்தச் சோதனையைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதற்காக. வீட்டிலேயே வைத்தியம் செய்வதற்காக அல்ல.

இவற்றில் ஒன்று இருந்தால் உடனே கிளம்புங்கள்

ஈறு வெள்ளையாகவோ நீலமாகவோ இருக்கிறது. வயிறு உப்பியிருக்கிறது, வாந்தி எடுக்க முக்குகிறது, ஒன்றும் வரவில்லை (ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன் போன்ற நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும், அதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்). வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டுகிறது, அல்லது ஒரே நாளில் இரண்டாவது முறை வருகிறது. காலைத் தூக்கித் தூக்கி நிற்கிறது, சிறுநீர் வரவில்லை. குட்டிக்கு ரத்தப் பேதி. எலி மருந்தைத் தின்றிருக்கலாம் என்ற சந்தேகம். இதில் எதற்கும் "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்பது கிடையாது.

ராத்திரியில் திறந்திருக்கும் கிளினிக் எது என்பதை நாய் நன்றாக இருக்கும்போதே விசாரித்து, எண்ணை போனில் போட்டுவைத்துக்கொள்ளுங்கள். சொந்தக் கார் இல்லாதவர்கள் வண்டிக்கும் ஒரு வழி பார்த்துவைப்பது நல்லது. சாதாரண வாடகைக் காரில் நாயை ஏற்ற எல்லா ஓட்டுநரும் சம்மதிக்க மாட்டார்கள். கிராப்பில் செல்லப்பிராணிக்கென்று தனி வகை உண்டு, ஆனால் நள்ளிரவில் அதையே நம்பியிருக்க முடியாது. பக்கத்து வீட்டு அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

முதலில் மூன்று விஷயம்

மேலுதட்டைத் தூக்கி ஈற்றை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மறுபடியும் இளஞ்சிவப்பாக வேண்டும். ஈறு கறுப்பாக உள்ள நாய்க்குக் கீழ் இமையை மெல்ல இழுத்து உள்பக்கத்தின் நிறத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் ரத்தம் குறைந்திருக்கலாம், மஞ்சளாக இருந்தால் கல்லீரலோ ரத்த அணுக்களோ பாதிக்கப்பட்டிருக்கலாம்.

அடுத்தது காய்ச்சல். மூக்கு சூடாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பார்மசியில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் கொஞ்சம் வாசலின் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்ப்பதுதான் சரியான முறை. 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை நாய்க்கு இயல்பு. நமக்கு 38.5 என்றால் காய்ச்சல், அதற்கு அது ஒன்றுமே இல்லை. 39.5-க்கு மேல் போனால் குறித்துவைத்து டாக்டரைப் பாருங்கள். 40-ஐத் தாண்டினால் அன்றைக்கே.

மூன்றாவது, அது தூங்கும்போது மூச்சை எண்ணுவது. நெஞ்சு ஏறி இறங்கினால் ஒன்று. நிமிடத்துக்கு 30-க்குக் கீழே இருக்க வேண்டும். நாய் நன்றாக இருக்கும் காலத்திலேயே ஒருமுறை எண்ணி வைத்துக்கொண்டால் பின்னால் ஒப்பிட வசதியாக இருக்கும்.

இத்தோடு ஒரு நோட்டும் போதும். தேதி, சாப்பிட்டது, வெளிக்குப் போனது, மாத்திரை, உடல் சூடு. வினோதமாக எதைச் செய்தாலும் வீடியோ எடுத்துவிடுங்கள். கிளினிக் மேசையில் ஏற்றியதும் பயத்தில் நாய்க்கு நொண்டலும் இருக்காது, இருமலும் வராது. டாக்டர் பார்க்க வேண்டியது வீட்டுக் கூடத்தில் நடந்ததை.

சோர்வு, சாப்பாடு வேண்டாம், வந்து வந்து போகும் காய்ச்சல்

நம் ஊரில் இந்த மூன்றும் சேர்ந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல். "எங்கள் நாய் மேல் உண்ணியே இல்லையே" என்று எல்லோரும் சொல்வார்கள். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "காரணம் தெரியாத நோய்" என்று சொல்லப்படுவதில் நிறைய இங்கேதான் வந்து முடிகிறது.

பழுப்பு நிற நாய் உண்ணி மலேசியாவின் வெப்பத்தில் வருஷம் முழுக்கப் பெருகும். ரத்தம் குடித்துக் கொழுத்த பெண் உண்ணி நாயிலிருந்து இறங்கி, சுவர் வெடிப்பிலும் கதவு நிலையின் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதன் வாழ்நாளில் பெரும்பகுதி நாயின் மேல் இல்லை, உங்கள் வீட்டில்தான். கடித்துவிட்டு இறங்கிப் போன உண்ணியை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள். எர்லிச்சியா என்ற கிருமி உள்ளே போனால் ஒன்று முதல் மூன்று வாரத்தில் காய்ச்சல், சோர்வு, மூக்கில் ரத்தம் என்று காட்டலாம். பிறகு தானாகவே தேறியது போல இருக்கும். ஆனால் கிருமி மாதக்கணக்கில், சில நாய்களில் வருஷக்கணக்கில், சத்தமில்லாமல் உள்ளேயே கிடந்து, கடைசியில் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும். அந்த நிலையில்தான் "திடீரென்று இப்படி ஆகிவிட்டது" என்று ஓடுகிறோம்.

எங்கள் வீட்டு நாய்க்குக் காய்ச்சல்கூட வெளியில் தெரியவில்லை. இன்றைக்கு முன்னங்கால் நொண்டும். இரண்டு நாள் கழித்து அந்தக் கால் சரியாகி, பின்னங்கால். முள் குத்தியிருக்குமென்று பாதத்தைப் பிரித்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஒருநாள் அது மல்லாந்து படுத்திருந்தபோது தொடை இடுக்கில், முடி இல்லாத இடத்தில், ஊசிமுனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. கொசுக்கடி என்றால் விரலால் அழுத்தும்போது மறையும். இவை மறையவில்லை, தோலுக்கு அடியில் கசிந்த ரத்தம். அந்தப் படத்தையும் நொண்டும் வீடியோவையும் பார்த்ததுமே டாக்டர் ரத்தம் எடுத்தார். பிளேட்லெட் மிகவும் இறங்கியிருந்தது. டிங்கியைப் பற்றி நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, அதே பிளேட்லெட்தான். கால் மாறி மாறி நொண்டுவது மூட்டில் வந்த வீக்கம், அதுவும் இந்த நோயின் ஒரு முகம்.

ஆகவே கேட்க வேண்டியது: முழு ரத்த அணுப் பரிசோதனை, கூடவே உண்ணிக் காய்ச்சலுக்கான விரைவுச் சோதனை. விரைவுச் சோதனை கிருமியைப் பார்ப்பதில்லை, அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத்தான் பார்க்கிறது. நோய் வந்த புதிதில் அது "இல்லை" என்று காட்டக்கூடும், பழைய தொற்றுக்கு "உண்டு" என்றும் காட்டக்கூடும். சந்தேகம் தீரவில்லை என்றால், கிருமியின் மரபணுவையே தேடும் பிசிஆர் சோதனை இருக்கிறது.

டாக்ஸிசைக்கிளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்தால் எர்லிச்சியாவுக்குப் பெரும்பாலும் ஓரிரு நாளிலேயே முன்னேற்றம் தெரியும். அதைப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்தக்கூடாது, வழக்கமாக 28 நாள் சொல்வார்கள். வெறும் வயிற்றில் மாத்திரையைத் தள்ளிவிட்டு விட்டுவிடாதீர்கள். தொண்டைக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கும், வாந்தியும் வரும். சோற்றோடு கொடுத்து, பின்னாலேயே தண்ணீரும் கொடுங்கள். நான்கைந்து நாள் ஆகியும் ஈறு இன்னும் வெளுத்துக்கொண்டே போகிறது, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் இருக்கிறது என்றால் "பாபேசியா பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். அதுவும் உண்ணி கொண்டுவருவதுதான், சிவப்பணுக்களை உடைக்கும். டாக்ஸிசைக்கிளின் மட்டும் அதற்குப் போதாது, வேறு மருந்து வேண்டும். ஒரே நாய்க்கு இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு.

உண்ணியைத் தேடும்போது முதுகைத் தடவிப் பார்த்தால் போதாது. காது மடலுக்கு உள்ளே, கால் விரல்களுக்கு நடுவே, கழுத்துப் பட்டைக்கு அடியில், வாலின் அடியில் பாருங்கள். நாய்க்கு மாத மாத்திரையோ சொட்டு மருந்தோ போட்டுவிட்டு வீட்டை அப்படியே விட்டால் பயனில்லை. சுவர் வெடிப்பையும் நாய் படுக்கும் இடத்தையும் சேர்த்துப் பாருங்கள். வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் கலந்த மருந்து பக்கமே போகாதீர்கள், பூனையைக் கொன்றுவிடும்.

வாந்தி, பேதி

தடுப்பூசி முடியாத குட்டி சுருண்டு படுத்து, நாற்றமடிக்கும் ரத்தப் பேதி போகிறதென்றால் பார்வோ வைரஸ் என்று வைத்துக்கொண்டே ஓடுங்கள். வீட்டில் மற்ற நாய் இருந்தால் பிரித்துவையுங்கள். பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண சோப்பு அதைத் தொடாது, குளோரோக்ஸ் போன்ற பிளீச் வேண்டும்: 1 பங்குக்கு 30 பங்கு தண்ணீர், பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள்.

வளர்ந்த நாய் என்றால் முதல் கேள்வி என்ன தின்றது. வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை உடைக்கும், வேக வைத்தாலும் அந்தக் குணம் போகாது. சாம்பார் சோறு, குழம்பு ஊற்றிய சோறு போடும் வீடுகளில் இதை யாரும் யோசிப்பதில்லை. கேசரியிலும் பாயாசத்திலும் கிடக்கும் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட், சைலிட்டால் என்ற இனிப்பு போட்ட சூயிங்கம் இவையும் விஷம். தீபாவளிக்கு மறுநாள் ஆட்டுக் கொழுப்பைத் தின்றுவிட்டு முதுகை வளைத்துக்கொண்டு நிற்கிறது, வயிற்றைத் தொடவிடவில்லை என்றால் கணையம் வீங்கியிருக்கலாம்.

பசார் மாலமிலிருந்து சாத்தே வாங்கி வந்த மறுநாள் வரும் வாந்தியைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். சாத்தே குத்திய மூங்கில் குச்சியில் இறைச்சி வாசம் இருப்பதால் முழுதாக விழுங்கிவிடும். மூங்கில் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. அதனால் "குச்சியை விழுங்கியிருக்கலாம்" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் ஸ்கேன் எடுப்பார்கள். ரம்புத்தான் கொட்டை, மாங்கொட்டை, சோளத் தண்டு இவையும் குடலை அடைக்கும். தின்றதெல்லாம் வெளியே வருகிறது, வெளிக்கே போகவில்லை என்றால் அடைப்புதான் முதல் சந்தேகம்.

திடீர் வெள்ளம் வந்து வடிந்த பிறகு, அல்லது லோங்காங் (சாக்கடை) ஓரமாகத் திரிந்துவிட்டு வந்த நாய்க்கு வாந்தியோடு கண் மஞ்சளானால் எலிக் காய்ச்சலைச் சொல்லிக் கேளுங்கள். கென்சிங் தீக்குஸ் என்று இங்கே எல்லோரும் பேசும் அதே நோய். நாயின் சிறுநீரிலிருந்து நமக்கும் தொற்றும். அதைத் துடைக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் மனித டாக்டரிடமும் நாயைப் பற்றிச் சொல்லுங்கள்.

வலி என்று பனடாலோ இபுபுரூஃபனோ கொடுக்கவே கூடாது. நமக்குச் சின்ன மாத்திரை, அதற்கு உயிருக்கே ஆபத்து.

அரிப்பு, முடி உதிர்தல், நாற்றம்

தோல் விஷயத்தில் கோலாலம்பூரின் புழுக்கம் பாதிப் பகை. குளித்துவிட்டுச் சரியாகக் காயாத நாய்க்கு விரல் இடுக்கிலும் காதிலும் ஈஸ்ட் வளரும், பழைய எண்ணெய்ப் பிசுக்கு போல ஒரு வாடை வரும். காது விளிம்பும் முழங்கையும் வறண்டு, ராத்திரியெல்லாம் சொறிந்தால் சொறிப்பூச்சி. அது வீட்டு மனிதருக்கும் கொஞ்ச நாள் அரிக்கும். கண்ணைச் சுற்றி வட்டமாக முடி போய், அரிப்பு அவ்வளவாக இல்லாத குட்டிக்கு டெமோடெக்ஸ் என்ற இன்னொரு தோல் பூச்சி. பிளேடால் கொஞ்சம் தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்தச் சோதனை செய்யாமல் அரிப்புக்கு ஊசி மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தால், "தோலைச் சுரண்டிப் பார்க்கலாமா டாக்டர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

தோட்டப்புறக் காலத்திலிருந்து வரும் ஒரு பழக்கம் இன்னும் இருக்கிறது: சொறி நாய்க்குப் பழைய எஞ்சின் எண்ணெய் பூசுவது. தயவுசெய்து வேண்டாம். நாய் அதை நக்கும், தோல் வழியாகவும் உள்ளே போகும், கல்லீரலும் சிறுநீரகமும் கெடும். இதைச் செய்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, நாய் மேல் உள்ள பாசத்தில்தான் செய்கிறார்கள். அதனாலேயே பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இருமல், மூச்சு வாங்குதல்

நம் ஊர் கொசு நாய்க்கு இதயப்புழுவைக் கொண்டுவரும். முன்பு தாமானைச் சுற்றி இரண்டு சுற்று ஓடிய நாய் பாதியில் உட்கார்ந்துவிடுகிறது, மெல்ல இருமுகிறது என்றால் அதற்கான ரத்தச் சோதனையைக் கேளுங்கள். புழு நுழைந்து ஆறு மாதத்துக்கு முன் சோதனையில் தெரியாது. பொமரேனியன் போன்ற சின்ன நாய் வாத்து கத்துவது போல இருமினால் மூச்சுக்குழாய் தளர்ந்திருக்கலாம். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சுப் பட்டைக்கு மாற்றுங்கள். புகைமூட்டக் காலத்தில் நமக்குத் தொண்டை கரகரத்தால் அதற்கும்தான், வெளியே நடத்துவதைக் குறைத்துவிடுங்கள்.

பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மத்தியான வெயிலே போதும். நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கயிறாகத் தொங்கி, தள்ளாடினால் அங்கேயே குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, விசிறியைப் போட்டு, அதன் பிறகு வண்டியில் ஏற்றுங்கள். ஈரத் துண்டை மேலே போர்த்தி வைத்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருக்கிறது

காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலையில் மிச்சத்தை அளந்து பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 100 மில்லிக்கு மேல் போனால் அது அதிகம். சர்க்கரை நோய், சிறுநீரகம், வயிறு தொங்கி முடி மெலியும் குஷிங் நோய் என்று வரிசை உண்டு, ரத்தமும் சிறுநீரும் சோதித்தால் பிரிந்துவிடும். ஆனால் கருத்தடை செய்யாத பெண் நாய், பருவத்துக்கு வந்து முடிந்து ஒன்றிரண்டு மாதம் ஆகியிருக்கிறது, தண்ணீரும் அதிகம் குடிக்கிறது, சோர்வாகவும் இருக்கிறது என்றால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். சீழ் வெளியே வராமல் உள்ளேயே தேங்குவதும் உண்டு, அதுதான் இன்னும் ஆபத்து. அன்றைக்கே ஸ்கேன் எடுக்க வேண்டும்.

வலிப்பு, தள்ளாட்டம், தலை ஒரு பக்கமாகச் சாய்வது

வலிப்பின்போது வாய்க்குள் கையோ ஸ்பூனோ விடாதீர்கள், மனிதருக்குச் செய்வது போலச் சாவி கொடுப்பதாலும் நாய்க்கு எந்தப் பயனும் இல்லை. சுற்றியுள்ள நாற்காலியை நகர்த்துங்கள், ஒருவர் நேரம் பார்க்கட்டும், ஒருவர் வீடியோ எடுக்கட்டும். சில உண்ணி மாத்திரைகள் வலிப்பு உள்ள நாய்க்கு ஒத்துக்கொள்ளாது, எந்த மாத்திரை கொடுத்தீர்கள் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மழை பெய்த ராத்திரி வெளியே போய்விட்டு வந்து வாயெல்லாம் நுரையும் எச்சிலுமாக நின்றால் தேரையைக் கவ்வியிருக்கும். தலையைக் கீழே தாழ்த்திப் பிடித்து, ஈரத் துணியால் ஈற்றையும் நாக்கையும் பலமுறை துடைத்துவிட்டு, டாக்டரிடம். ஆனால் குணமே மாறி, விழுங்க முடியாமல் எச்சில் வடிந்தால் தொடவே தொடாதீர்கள். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநோய் வந்தது, 2017 முதல் சரவாக்கில். நாயைத் தனியே அடைத்துவிட்டுக் கால்நடை சேவைத் துறையைக் கூப்பிடுங்கள்.

வயதான நாய் ஒரு காலையில் எழுந்து நிற்க முடியாமல், தலை சாய்ந்து, கண்மணி இங்கும் அங்கும் துடித்தால் வீட்டில் எல்லோரும் பக்கவாதம் என்று அழுதுவிடுவார்கள். பல நாய்களுக்கு அது உட்காதின் சமநிலை கெட்டதால் வருவது. இதற்குக் காரணமே கண்டுபிடிக்க முடியாமல் போவது சகஜம். இரண்டு மூன்று நாளில் தேறத் தொடங்கி, சில வாரத்தில் நடந்துவிடும். டாக்டர் பார்த்து வேறொன்றும் இல்லை என்று சொன்னபின் அவசரப்பட்டுக் கருணைக்கொலை பேச்சை எடுக்காதீர்கள். கையால் ஊட்டுங்கள், வழுக்காமல் ரப்பர் பாய் விரித்து வையுங்கள்.

எல்லாச் சோதனையும் சரி, நாய் மட்டும் சரியில்லை

இதுதான் மனதை மிகவும் சோர்வடையச் செய்யும் இடம். நோட்டை எடுத்து ஒரு வடிவம் தெரிகிறதா பாருங்கள். சில வாரத்துக்கு ஒருமுறை வாந்தி, நடுக்கம், சோர்வு, டிரிப் ஏற்றியதும் உடனே தேறிவிடுகிறது, மறுபடியும் விழுகிறது. வீட்டில் விருந்தினர், பட்டாசு, பயணம் என்று ஏதாவது நடந்தபின் மோசமாகிறது. அப்படியென்றால் அடிசன் நோய் என்ற பெயரை டாக்டரிடம் சொல்லுங்கள். அட்ரீனல் சுரப்பி வேலை செய்யாததால் வருவது, பத்து நோயின் வேஷத்தையும் போடும். ரத்தத்தில் சோடியம் குறைந்து பொட்டாசியம் ஏறியிருப்பது ஒரு குறி, ஆனால் எல்லா நாயிலும் அது இருக்காது. அதற்கென்று தனி ஹார்மோன் சோதனை உண்டு. பிடித்துவிட்டால் மருந்தோடு நல்லபடியாக வாழும்.

அதுவும் இல்லையென்றால் டாக்டரிடம் மூன்று கேள்வி. இதுவரை எதெல்லாம் இல்லையென்று உறுதியாகிவிட்டது? மிச்சமிருப்பதில் சிகிச்சை உள்ளது எது? அடுத்த ஒரே ஒரு சோதனைக்குத்தான் காசு இருக்கிறது என்றால் எதைச் செய்வீர்கள்? கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டாம். எல்லாராலும் ஸ்கேனுக்கு மேல் ஸ்கேன் எடுக்க முடியாது, நல்ல டாக்டருக்கு அது தெரியும், வரிசைப்படுத்திச் சொல்வார்.

வேறொரு டாக்டரிடம் காட்டுவது பழைய டாக்டருக்குச் செய்யும் துரோகம் இல்லை. செர்டாங்கில் மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது, சிக்கலான நோய்களுக்கு அங்கே அனுப்பிவைப்பார்கள். இப்போது பார்க்கும் டாக்டரிடமே பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குங்கள். போகும்போது ரத்த அறிக்கைகளின் நகல், எக்ஸ்ரே, கொடுத்துக்கொண்டிருக்கும் மாத்திரைகள் அட்டையோடு, தடுப்பூசிப் புத்தகம், அந்த நோட்டு, போனில் வீடியோ எல்லாம் எடுத்துப் போங்கள். காலையில் சாப்பாடு கொடுக்கலாமா என்று முதல் நாளே போன் செய்து கேட்டுவிடுங்கள், சில சோதனைகளுக்கு வெறும் வயிறு வேண்டும். அப்புறம், நாயோடு நாள் முழுக்க இருக்கும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.